பேக்ஃபிளிப் எப்ப கத்துக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஃப்ரீஸ்டைல் ஸ்கீயிங் (பனிச்சறுக்குல ஜம்ப் அடிச்சு காத்துல வித்தை காட்டுற விளையாட்டு) பத்தி ஒரு கேள்விக்கு சின்னதா பதில் எழுதியிருந்தேன், அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல அதே விஷயம் தான். பெரும்பாலும் கனடால இருக்குற அப்பா அம்மாக்கள், நடுவுல சிட்னி, ஆஸ்லோ. அதனால இந்த மாசம் வேற எதுவும் எடுத்துக்கல.

கேள்வி: வணக்கம் அண்ணா. என்ர மகளுக்கு 9 வயசு. போன விண்டர் ஸ்கூல் ட்ரிப்பில தான் முதன்முதலா ஸ்கீ போட்டவ, இப்ப வீட்டில அது தான் கதை. ஐலீன் குவின்ர வீடியோக்களைப் பாத்துப்போட்டு தானும் பேக்ஃபிளிப் (பின்பக்கமாக் குட்டிக்கரணம்) அடிக்கோணும் எண்டு நிக்கிறா. எங்கட ஆக்கள் சிலர் மூண்டு வயசில தொடங்கியிருக்கோணும், இனிச் சரிவராது எண்டு சொல்லீனம். உண்மையோ? (ஒரு அம்மா, ஸ்கார்பரோ)

பதில்: சேத்து விடுங்க தங்கச்சி, ஒண்ணும் லேட் ஆகல. ஐலீன் கு மூணு வயசுல ஸ்கீ போட்டாங்கங்குறது உண்மை தான், ஆனா ஃப்ரீஸ்டைல் டீம்ல சேர்ந்தது 8 வயசு வாக்குல, பெய்ஜிங் ஒலிம்பிக்ல ரெண்டு தங்கம் ஒரு வெள்ளி வாங்கினது 18 வயசுல. நடுவுல பத்து வருஷம் இருக்கு பாருங்க, எல்லாரும் வீடியோல பாக்குறது அந்த பத்தாவது வருஷத்தை மட்டும் தான்.

கனடால 2005ல பிள்ளைங்களோட விளையாட்டு வளர்ச்சிக்குன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, இஸ்ட்வான் பாலிங்குறவர் முன்னால நின்னு செஞ்சது. மொத்தம் 7 படி. இங்க இருக்குற ஃப்ரீஸ்டைல் கிளப்புங்க எல்லாம் ஏறக்குறைய அதை வச்சு தான் நடக்குது. அதுல பொண்ணுங்களுக்கு 8ல இருந்து 11 வரைக்கும் கத்துக்குற வயசு, உடம்பு சொன்னதை சட்டுனு பிடிச்சுக்குற காலம். (எந்த வயசுல எந்தத் திறமையோட ஜன்னல் திறக்கும், எப்ப மூடும்னு அந்தத் திட்டம் ரொம்ப கறாரா சொல்றதை ஆராய்ச்சிக்காரங்க சில பேர் ஒத்துக்கறதில்ல, எனக்கும் அந்த ஜன்னல் கணக்குல பெருசா நம்பிக்கை கிடையாது. ஆனா படிப்படியா போகணும்ங்குற அடிப்படை சரி.) உங்க பொண்ணு சரியா அந்த வயசுல தான் நிக்கிறா.

இந்த வயசுல அவ செய்ய வேண்டியது மலை முழுக்க ஸ்கீ பண்றது. நல்ல பனி, ஐஸ் பிடிச்ச பனி, மரங்களுக்கு நடுவுல, மேடு பள்ளத்துல, ஒத்தக் கால்ல, பின்பக்கமா, எல்லாமே. மோகல்ஸ்னு ஒரு போட்டி இருக்குல்ல, பனி மேடு மேடா இருக்குற சரிவுல வேகமா இறங்கி நடுவுல ரெண்டு ஜம்ப் அடிக்கிறது, அதுல மார்க் எப்படி போடுறாங்கன்னு நிறைய பேருக்கு தெரியாது. திரும்புறதுக்கு மட்டும் 60 சதவீதம், ஜம்ப்புக்கு 20, வேகத்துக்கு 20. டிவில நம்ம கண்ணு ஜம்ப்ல தான் நிக்கும், ஜட்ஜோட கண்ணு முக்கால்வாசி நேரம் முழங்கால்லயும் ஸ்கீ விளிம்புலயும் இருக்கும். அந்த 60ஐ 9 வயசுல இருந்து 13 வயசுக்குள்ள ஊற வைக்கணும், பின்னாடி ஒட்ட வைக்கிறது ரொம்ப கஷ்டம்.

டொரன்டோ பக்கம் மலையெல்லாம் சின்னதா இருக்கேன்னு கவலைப்படாதீங்க. மிகேல் கிங்ஸ்பரி மோகல்ஸ்ல 2018ல ஒலிம்பிக் தங்கம் வாங்கினவர், வேர்ல்ட் கப்ல 90 தடவைக்கு மேல ஜெயிச்சவர், அவர் சின்ன வயசுல சுத்தினது கியூபெக்ல சென்ட் சோவர்ங்குற மலைல. அதோட உயரம் 200 மீட்டர் சொச்சம், நம்ம ப்ளூ மவுண்டனும் கிட்டத்தட்ட அவ்வளவு தான். சின்ன மலைன்னா லிஃப்ட்ல சீக்கிரம் மேல போயிடலாம், ஒரே நாள்ல நிறைய தடவை இறங்கலாம், பிள்ளைங்களுக்கு வேண்டியது அது தான்.

இப்ப பேக்ஃபிளிப். வரும், ஆனா பனில கடைசியா வரும். முதல்ல ஜிம்முல கோச் முன்னாடி ட்ராம்போலின், அப்புறம் வாட்டர் ராம்ப், அப்புறம் ஏர்பேக் (காத்து அடைச்ச பெரிய மெத்தை), அதுக்கப்புறம் தான் பனி. தலைகீழா சுத்துற ஜம்ப்பை பனில அடிக்க விடுறதுக்கு முன்னாடி தண்ணில திரும்பத் திரும்ப சரியா செஞ்சு காட்டணும்ங்குறது இங்க கறாரான வழக்கம். கோடைல ஒரு நாள் வாட்டர் ராம்ப் இருக்குற இடத்துக்கு அவளைக் கூட்டிட்டு போய் சும்மா காட்டுங்க, கியூபெக் சிட்டி பக்கத்துல லாக் போபோர்ல ஒண்ணு இருக்கு. பிள்ளைங்க வெட்சூட் போட்டு, மேல லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், கால்ல பழைய ஸ்கீ, தண்ணி தெளிச்சு வழுக்க விட்ட பிளாஸ்டிக் சரிவுல இறங்கி, நுனில மேல தூக்கி எறியப்பட்டு, காத்துல சுத்தி கீழ குளத்துல விழுவாங்க. விழுற நேரத்துக்கு அடில இருந்து காத்தை விட்டு தண்ணியை கொதிக்கிற மாதிரி குமிழ் குமிழா ஆக்கியிருப்பாங்க, அப்ப அடி மெத்துனு இருக்கும். அப்புறம் ஸ்கீயோட நீந்தி கரைக்கு வந்து, ஸ்கீயைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, பூட்ஸ்ல தண்ணி ஒழுக ஒழுக படி ஏறணும், மறுபடி. ஒரு ஜம்ப்புக்கு பின்னாடி எவ்வளவு படி ஏற வேண்டியிருக்குன்னு பாத்தப்புறமும் அவ கண்ணு மின்னுச்சுன்னா, அப்ப புரிஞ்சுக்கோங்க.

ஒண்ணே ஒண்ணு, வீட்டுப் பின்னாடி இருக்குற ட்ராம்போலின்ல தானா ஃபிளிப் பழக விடாதீங்க. கழுத்துல படுற அடி அங்க தான் படுது.

கேள்வி: சார், என் பையனுக்கு 13 முடிஞ்சு 14 நடக்குது. ரெண்டு சீசனா அவன் வயசு குரூப்ல அவன் தான் முதல். இந்த சீசன்ல எல்லாமே தலைகீழ், போன வருஷம் கண்ணை மூடிக்கிட்டு அடிச்ச 360 (காத்துல ஒரு முழு சுத்து) கூட இப்ப தடுமாறுது, முட்டி வலிக்குதுங்குறான், கோச் பெரிய ஜம்ப்பை நிறுத்தி மறுபடி பேசிக்ஸ் பண்ண சொல்லிட்டாரு. ஃபோன்லயே இருக்கான், சோம்பேறி ஆயிட்டானோன்னு நேத்து நல்லா திட்டிட்டேன். கிளப் மாத்தலாமா? (ஒரு அப்பா, மார்க்கம்)

பதில்: மாத்தாதீங்க சார். அந்த கோச் நல்ல கோச், அவர் கையைப் பிடிச்சு நன்றி சொல்லுங்க. பையனையும் திட்டாதீங்க, ஃபோன் மேல பழி போட வேண்டிய விஷயம் இல்ல இது. எனக்கு வர்ற கடிதங்கள்ல என்னை ரொம்ப கவலைப்படுத்துறது இந்த வயசுப் பிள்ளைங்களைப் பத்தி வர்றது தான், ஏன்னா நல்லா விளையாடிக்கிட்டு இருந்த பிள்ளைங்க விட்டுட்டுப் போறது பெரும்பாலும் இங்க தான்.

அவன் பேண்ட் எல்லாம் இந்த வருஷம் கட்டையா போயிருக்கணுமே? பொண்ணுங்களுக்கு 12 வயசு வாக்குலயும் பசங்களுக்கு 14 வயசு வாக்குலயும் உயரம் கிடுகிடுன்னு ஏறும், உச்சத்துல இருக்குறப்ப பசங்க ஒரே வருஷத்துல 9, 10 சென்டிமீட்டர் கூட வளருவாங்க. முதல்ல பாதம், அப்புறம் கால், உடம்பு அப்புறமா தான் வரும். எலும்பு நீளுற வேகத்துக்கு தசையோட பலம் வர கொஞ்ச நாள் ஆகும். அவன் மூளைல பதிஞ்சிருக்குற 360 போன வருஷத்து உடம்புக்கானது, இப்ப கால் நீளம் வேற, எடை வேற, எடை எங்க நிக்குதுங்குறதும் வேற. காத்துல சுத்துற விளையாட்டுல இது மத்த எல்லா விளையாட்டையும் விட பளிச்சுனு தெரியும். ஒரு ஓட்டக்காரப் பையனா இருந்தா கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவு தான், இங்க லேண்டிங்கே தப்பும்.

முட்டி வலியை மட்டும் அசால்ட்டா விடாதீங்க. வளர்ற பிள்ளைங்க எலும்புல நுனிப் பக்கமா மெத்துனு ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கும், அது தான் அந்த இடத்துலயே பலவீனமான பாகம். முட்டிச் சில்லுக்குக் கீழ எலும்பு துருத்திக்கிட்டு தொட்டா வலிக்குதுன்னா, ஆஸ்குட் ஷ்லாட்டர்னு சொல்ற தொந்தரவா இருக்கலாம், குதிக்கிற பிள்ளைங்களுக்கு ரொம்ப சகஜம், வளர்ச்சி அடங்கினா அதுவும் அடங்கிடும். ஆனா ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டர் ஒருத்தர் பாத்து சொல்லணும், நானோ நீங்களோ சொல்லக் கூடாது.

வீட்டுல நீங்க செய்ய வேண்டியது ஒரு கதவு நிலைல பென்சிலால கோடு போடுறது. செருப்பில்லாம, குதிகால் சுவத்துல ஒட்டி, தலை மேல ஒரு புக்கை தட்டையா வச்சு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பக்கத்துலயே தேதி. முடிஞ்சா ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சு உக்காந்த உயரத்தையும் குறிச்சுக்கோங்க, கால் நீளுதா உடம்பு நீளுதான்னு அப்ப தெரியும். அந்தக் கோடுங்களுக்கு நடுவுல இடைவெளி பெருசாகிட்டே போற வரைக்கும் பெரிய ஜம்ப், புது ட்ரிக் எல்லாம் கம்மி. மறுபடி இடைவெளி சுருங்க ஆரம்பிச்சதும் கோச்கிட்ட போய் அந்த நம்பரைக் காட்டுங்க. கனடாவோட அந்த 7 படி திட்டமே இதை தான் சொல்லுது, பிறந்த தேதியை விட வளர்ச்சியைப் பாருன்னு. பெரும்பாலான அப்பா அம்மாக்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிடுறாங்க.

இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க, போன ரெண்டு சீசன் அவன் முதல்ல வந்ததுல கொஞ்சம் பங்கு அவன் மத்தவங்களை விட முன்னாடியே வளர ஆரம்பிச்சதுக்கும் இருக்கலாம். அடுத்த வருஷம் மத்த பசங்களும் வளர்ந்து வந்து பக்கத்துல நிப்பாங்க. அப்ப அவன் கைல இருக்கப் போறது இந்த வருஷம் பொறுமையா பழகின பேசிக்ஸ் மட்டும் தான். இந்த ஒரு சீசன் மெடல் பத்தி வீட்டுல யாரும் வாயைத் திறக்காம இருந்தீங்கன்னா போதும், 16 வயசுலயும் அவன் மலைல இருப்பான்.

கேள்வி: மகள் 15 வயசு, ஏழு வருஷமா ஜிம்னாஸ்டிக்ஸ். இப்ப ஏரியல்ஸ் ட்ரை பண்ணலாமான்னு கேக்குறா. அவ ஸ்கீயே போட்டது கிடையாது, இது நடக்குற காரியமா? (ஒரு வாசகி, சிட்னி)

பதில்: நீங்க இருக்குற நாட்டுல தான் இது உலகத்துலயே நல்லா நடந்துக்கிட்டு இருக்கு. அலிசா கேம்ப்ளின் ஜிம்னாஸ்டா இருந்தவங்க, 19 வயசு வரைக்கும் ஸ்கீ போட்டதே இல்ல, 2002ல சால்ட் லேக் சிட்டில ஏரியல்ஸ் தங்கம். அடுத்து 2010 வான்கூவர்ல தங்கம் வாங்கின லிடியா லாசிலாவும் ஜிம்னாஸ்ட் தான். சீனாவோட ஷூ மெங்தாவ் நாலு வயசுல ஜிம்னாஸ்டிக்ஸ்ல ஆரம்பிச்சு 12 வயசு வாக்குல ஏரியல்ஸ் பக்கம் வந்தவங்க, தங்கம் கிடைச்சது 2022ல, 31 வயசுல.

ஏரியல்ஸ்ங்குறது ஒரே ஒரு ஜம்ப், அதுல சுத்துறதும் முறுக்குறதும் தான் பெரும்பங்கு. காத்துல தான் எங்க இருக்கோம், தரை எந்தப் பக்கம்ங்குற உணர்வு உங்க பொண்ணுக்கு ஏற்கனவே உடம்புல இருக்கு, ஸ்கீல நிக்கிறதை 15 வயசுல கத்துக் கொடுத்துடலாம், அந்த உணர்வை 15ல புதுசா கொடுக்குறது தான் சிரமம். மோகல்ஸுக்கோ ஸ்லோப்ஸ்டைலுக்கோ (கம்பி, ஜம்ப்னு வரிசையா வச்ச சரிவுல இறங்குறது) இதையே சொல்ல மாட்டேன், அங்க ஸ்கீ கால்லயே ஊறியிருக்கணும். ஃப்ரீஸ்டைல்னு ஒரே பேர்ல கூப்பிட்டாலும் உள்ள இருக்குறது வேற வேற விளையாட்டு, ஒண்ணுக்கு சீக்கிரம் வரணும், ஒண்ணுக்கு லேட்டா வந்தாலும் பரவால்ல.

பனியே விழாத பிரிஸ்பேன்ல ஒரு வாட்டர் ராம்ப் கட்டி வச்சிருக்காங்க, விசாரிச்சுப் பாருங்க. ஆனா முதல் சீசன் முழுக்க சாதாரண சரிவுல சாதாரணமா ஸ்கீ பண்ணட்டும், ஜம்ப் பத்தி அதுக்கப்புறம் பேசலாம்.

கேள்வி: இஞ்ச நோர்வேயில சின்னப் பிள்ளையளின்ர போட்டியில ஆர் முதலாவது ஆர் கடைசி எண்டு லிஸ்ட் போடமாட்டினம். என்ர மகனுக்கு 10 வயசு, நல்லா ஸ்கீ பண்ணுறான், ஆனா அவன் எந்த லெவலில நிக்கிறான் எண்டு எங்களுக்குத் தெரியேல்ல. கனடாவில இருக்கிற என்ர அண்ணான்ர பிள்ளையள் கப்பும் மெடலுமா வீடு முழுக்க வச்சிருக்கினம். நாங்கள் பின்னுக்கு நிக்கிறமோ? (ஒரு வாசகர், ஆஸ்லோ)

பதில்: நீங்க பின்னாடி இல்ல, நோர்வேல இருக்குறது உங்க மகனுக்கு கிடைச்ச அதிர்ஷ்டம்னு நான் மனசார நினைக்கிறேன். அங்க பிள்ளைங்க விளையாட்டுக்குன்னு தனியா விதி எழுதி வச்சிருக்காங்க, 1987ல இருந்தே இருக்கு. 11 வயசு ஆகுற வரைக்கும் ரிசல்ட் லிஸ்ட், ரேங்க் எதுவும் கூடாது, 13க்கு முன்னாடி தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. அப்படி வளர்த்த நாடு தான் 2018ல பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ல 39 மெடல் வாங்குச்சு, மக்கள்தொகை 50 லட்சத்துக்கு கொஞ்சம் மேல தான். ஸ்கீ பிக் ஏர் (ஒரே ஒரு பெரிய ஜம்ப்ல வித்தை காட்டுறது) 2022ல ஒலிம்பிக்ல முதல் தடவை வந்தப்ப ஆம்பளைங்கள்ல தங்கம் வாங்கின பிர்க் ரூட் அந்த நாட்டுல வளர்ந்த பையன் தான்.

விதி மட்டும் மெடல் வாங்கித் தரல, அங்க பனி இருக்கு, வசதி இருக்கு, வாசல்லயே சரிவு இருக்கு, அதையும் சேத்து தான் பாக்கணும். ஆனா லிஸ்ட் இல்லாததால நல்ல பிள்ளைங்க வீணாப் போறாங்கங்குற பயத்துக்கு அந்த 39 போதுமான பதில். 10 வயசுல யார் முதல்னு பாத்தீங்கன்னா, நிறைய தடவை ஜனவரில பிறந்த பிள்ளையா இருக்கும், டிசம்பர்ல பிறந்தவனை விட கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூத்தவன், அந்த வயசுல ஒரு வருஷம்ங்குறது ரொம்பப் பெரிய வித்தியாசம். அந்தக் கப்பைப் பாத்து நீங்க ஏங்க வேண்டாம், உங்க மகன் முன்னாடி அதைப் பத்தி பேசவும் வேண்டாம். லெவல் தெரியணும்னா கோச்கிட்ட போன சீசன்ல முடியாதது எது இந்த சீசன்ல முடியுதுன்னு கேளுங்க, அவர் சொல்லுவார்.

கேள்வி: பேத்தி 14 வயசு, ஹாஃப்பைப் (பாதிக் குழாய் மாதிரி பனிப் பள்ளத்துல ரெண்டு பக்கமும் ஏறி ஜம்ப் அடிக்கிறது) பழகுறா. போன மாசம் விழுந்ததுல தலைல அடி, ரெண்டு நாள் தலை சுத்தல். இப்ப சரியாயிடுச்சு, திரும்பப் போகணும்னு அடம். எனக்கு ராத்திரி தூக்கம் வரல, இந்த விளையாட்டு தேவையா? (ஒரு பாட்டி, பிராம்ப்டன்)

பதில்: அம்மா, உங்க பயத்துக்கு காரணம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். சாரா பர்க் நம்ம ஒன்டாரியோ பொண்ணு, பேரிங்குற ஊர்ல பிறந்து மிட்லண்ட்ல வளர்ந்தவங்க, பொண்ணுங்களுக்கு ஹாஃப்பைப் ஒலிம்பிக்ல வரணும்னு விடாம போராடினவங்க, 2012 ஜனவரில பார்க் சிட்டில பயிற்சி பண்றப்ப விழுந்து 29 வயசுல போயிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு சோச்சில அந்தப் போட்டி நடந்தப்ப அவங்க இல்ல. இதை மறைச்சுட்டு பிள்ளைங்களை மலைக்கு அனுப்புறது சரியில்லைன்னு நினைக்கிறேன்.

தலை அடிக்கு மட்டும் அவசரமே கூடாது. டாக்டர் பாக்கணும், முதல்ல ஸ்கூல், படிப்பு, ஸ்க்ரீன் எல்லாம் தலைவலி இல்லாம முழுசா ஆகணும், அப்புறம் நடை, லேசான ஓட்டம், அப்புறம் சாதாரண ஸ்கீ, ஒவ்வொரு படிக்கும் குறைஞ்சது ஒரு நாள், எந்தப் படில தலைவலி திரும்ப வந்தாலும் ஒரு படி கீழ. ஜம்ப், பைப் எல்லாம் கடைசில, டாக்டர் எழுத்துல கொடுத்ததுக்கு அப்புறம். "சரியாயிடுச்சு"ன்னு அவளே சொல்றதை எடுத்துக்காதீங்க, திரும்பப் போற ஆசைல பிள்ளைங்க வலியை மறைப்பாங்க.

14 வயசுப் பொண்ணுக்கு முட்டியையும் பாக்கணும். இந்த விளையாட்டுல ரொம்ப அடிபடுறது முட்டி தான், வயசுக்கு வந்தப்புறம் பொண்ணுங்களுக்கு முட்டி ஜவ்வு கிழியுற ஆபத்து பசங்களை விட அதிகம். ஒரு சின்ன பெட்டி மேல இருந்து ரெண்டு காலால குதிக்க சொல்லி முன்னாடி இருந்து பாருங்க, தரைல படுறப்ப முட்டி ரெண்டும் உள்பக்கமா ஒண்ணை நோக்கி ஒண்ணு சாயுதுன்னா, அதை மாத்துற பயிற்சி இருக்கு, வாரத்துல ரெண்டு மூணு நாள் கொஞ்ச நேரம் செஞ்சாலே போதும், கோச்கிட்ட கேளுங்க. வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது நீங்களும் அவ அப்பா அம்மாவும், ஆனா அந்த முடிவை பயத்துல எடுக்காம டாக்டர், கோச் ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு எடுங்க.

கேள்வி: ஸ்கீ சீரியஸா போகணும்னா நீச்சல், பரதநாட்டியம் எல்லாத்தையும் நிறுத்திடணுமா? பொண்ணுக்கு 11. (மிசிசாகா)

பதில்: வேண்டவே வேண்டாம். ஐலீன் கு ஹைஸ்கூல்ல கிராஸ் கன்ட்ரி ஓட்டம் ஓடினவங்க. 2010, 2014 ரெண்டு தடவையும் மோகல்ஸ் தங்கம் வாங்கின அலெக்ஸாண்டர் பிலோடோ சின்ன வயசுல ஐஸ் ஹாக்கி ஆடிக்கிட்டு இருந்தவர், குடும்பம் மொத்தமும் சேர்ந்து செய்யிற விளையாட்டா இருக்கணும்னு அம்மா ஆசைப்பட்டதால ஸ்கீக்கு வந்தார். விளையாட்டு டாக்டர்கள் சொல்ற ஒரு கணக்கு இருக்கு, வாரத்துக்கு கோச்சிங் நேரம் பிள்ளையோட வயசைத் தாண்டக் கூடாது, 11 வயசுன்னா 11 மணி நேரம், எல்லா விளையாட்டும் சேர்த்து. பரதத்துல அரைமண்டில உக்காந்து தட்டுறதுல வர்ற தொடை பலமும் தாளமும் மோகல்ஸ்ல வீணாப் போகாது. எல்லாமே செய்யட்டும், எதை விடுறதுன்னு 15 வயசு வாக்குல அவளே சொல்லுவா.

கேள்வி: ஸ்கீ பூட்ஸ் ரொம்ப விலை, பையன் வளர்ந்துக்கிட்டே இருக்கான். ரெண்டு சைஸ் பெருசா வாங்கிடலாமா? (ஏஜாக்ஸ்)

பதில்: ஜாக்கெட் வாங்குங்க, பேண்ட் வாங்குங்க, பூட்ஸ் மட்டும் வேண்டாம். பாதம் உள்ள ஆடுச்சுன்னா அவன் திருப்புறது ஸ்கீக்கு போய்ச் சேராது, அதை சரிக்கட்ட பின்னாடி சாய்ஞ்சு நிக்கப் பழகுவான், அந்தப் பழக்கம் போக வருஷக்கணக்கு ஆகும். பெரியவங்க போடுற கெட்டி பூட்ஸும் வேண்டாம், கணுக்கால் மடங்காது. சீசன் முழுக்க வாடகைக்கு எடுக்கலாம், இல்லன்னா கிளப்புங்க நடத்துற பழைய சாமான் விற்பனைக்கு போங்க, பெரும்பாலும் அக்டோபர், நவம்பர்ல இருக்கும், காலைல சீக்கிரமா போனா தான் சின்ன சைஸ் கிடைக்கும். பையனையும் கூட்டிட்டு போங்க, ஒரே ஒரு மெல்லிசு சாக்ஸோட போட்டுப் பாக்க சொல்லுங்க, நிமிந்து நின்னா விரல் நுனி முன்னாடி லேசா தொடணும், முட்டியை மடக்கினா விலகணும். ஹெல்மெட் மட்டும் புதுசா வாங்குங்க.